வண்ணம் பரவும் வலை
(கிரேடியன்ட் மெஷ் – ஒரு செய்முறைப் பாடம்)



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, விடுகதை எழுதுவதுதான் வழக்கம். நான் ஒரு பாடம் எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவிலேயே சிலர் சிரித்தார்கள். "வகுப்புல கேக்குறது போதாதா, மலர்லயும் பாடமா?" என்றார்கள். இது அரியர் வைக்கிற பாடம் இல்லை தோழர்களே, கையில் நாலு காசு பார்க்க வைக்கிற பாடம். அதனால் பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, அக்னீஸ்வரர் கோயில் திருவிழா, உரக்கடை, பழக்கடை, டியூஷன் சென்டர் என்று எங்கு பார்த்தாலும் அச்சடித்த போர்டு. இவை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கணிப்பொறி முன் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவரோ, படித்துக்கொண்டே சாயங்காலம் கடையில் உட்காருபவரோதான். அந்த நாற்காலியில் நாளைக்கு நீங்கள் உட்கார்ந்தால், படம் ஒட்டுகிறவராக உட்காரப் போகிறீர்களா, படம் வரையத் தெரிந்தவராக உட்காரப் போகிறீர்களா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எதற்கு இந்த மெஷ்?

முதலில் ஒரு கணக்கு. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய ஒரு வாழைப்பழப் படம் 800 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை 8 அடி போர்டுக்கு இழுக்கிறோம். 8 அடி என்பது 96 அங்குலம். 800-ஐ 96-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு எட்டுப் புள்ளி சொச்சம்தான். ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சதுரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் பழம் பழமாகத் தெரியாது, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி தெரியும். போதாக்குறைக்கு, அது வேறு யாரோ எடுத்த போட்டோ. கேட்காமல் எடுத்துப் போடுவது சரியா என்பது தனிக் கேள்வி.

கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருள்களில் படம் புள்ளியாகச் சேமிக்கப்படுவதில்லை, கணிதமாகச் சேமிக்கப்படுகிறது. விசிட்டிங் கார்டுக்கும் அதே ஃபைல்தான், நாற்பது அடி போர்டுக்கும் அதே ஃபைல்தான். ஓரம் பிசிறடிக்காது. ஆனால் வெக்டரில் ஒரு குறை உண்டு. ஒரு வடிவத்துக்குள் ஒரே வண்ணம் நிரப்பினால் படம் தட்டையாக, பாலர் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். அதற்குத்தான் கிரேடியன்ட் வந்தது. லீனியர் என்றால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வண்ணம் நேர்கோட்டில் மாறும். ரேடியல் என்றால் நடுவிலிருந்து வட்டமாக விரியும்.

தூணுக்கு லீனியர் போதும். பந்துக்கு ரேடியல் போதும். பூவன் பழத்துக்கு? பழம் வளைந்திருக்கிறது. வெளிச்சம் விழும் பட்டையும் பழத்தோடு சேர்ந்து வளைகிறது. காம்புப் பக்கம் பச்சை, நுனியில் கறுப்பு, இடையில் மஞ்சள். லீனியரைப் போட்டால் பழம் வளையும், வெளிச்சம் வளையாது. பார்த்தவுடன் 'எங்கேயோ இடிக்குதே' என்று தோன்றும். இந்த இடத்தில்தான் மெஷ் உள்ளே வருகிறது. வடிவத்தின் மேல் ஒரு வலையை விரித்து, வலையின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வண்ணம் கொடுப்பது, நடுவில் உள்ள வண்ணங்களைக் கணிப்பொறியே நிரப்பிக்கொள்வது. மெஷ் என்பது இவ்வளவுதான்.

வந்த வழி

இதன் வேர் ஓவியக் கல்லூரியில் இல்லை. மெக்கானிக்கல் டிபார்ட்மென்டில்தான் இருக்கிறது. கார் பாடியின் வளைவை எண்ணால் எழுத வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது இது. பிரான்சில் சிட்ரோயன் கம்பெனியில் பால் டி காஸ்டல்ஜோ 1959-இல் ஒரு முறை கண்டுபிடித்தார். ரெனோ கம்பெனியில் பியர் பெசியர் 1960-களில் தனியாக அதே வளைகோட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயரில்தான் நாம் இன்றும் 'பெசியர் டூல்' என்கிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.-யைச் சேர்ந்த ஸ்டீவன் கூன்ஸ், நாலு பக்கமும் நாலு வளைகோடு கொடுத்தால் நடுவில் உள்ள பரப்பை எப்படி நிரப்புவது என்று 1967-இல் ஓர் அறிக்கை எழுதினார். அந்தப் பரப்புக்கு 'கூன்ஸ் பேட்ச்' என்றே பெயர். 1971-இல் ஹென்றி கூரோ, மூலைகளின் நிறத்தை வைத்து நடுவில் உள்ள நிறத்தைக் கணக்கிடும் முறையைக் கொடுத்தார்.

இந்த இரண்டு யோசனைகளையும் சேர்த்தால் மெஷ் தயார். 1997 இறுதியில் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் 3-இல் இப்படிப்பட்ட வண்ணப் பரப்புகளை அச்சு இயந்திரத்துக்கு நேராகச் சொல்ல வழி வந்தது. 1998-இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 8-இல் கிரேடியன்ட் மெஷ் வந்தது. 1999-இல் கோரல் டிரா 9-இல் 'மெஷ் ஃபில்' வந்தது. 2017 ஜனவரியில் இங்க்ஸ்கேப் 0.92 வந்தபோது, காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளிலும் அது கிடைத்தது.

வலைக்குள் என்ன நடக்கிறது?

சிவில் தோழர்கள் இந்தப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு புரிந்துகொள்வார்கள். சர்வே பிராக்டிகலில் காலி மனையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஸ்டாஃப் வைத்து லெவல் எடுக்கிறோம் இல்லையா? மூலை மட்டம் தெரிந்தால் நடுவில் உள்ள மட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். மெஷ்ஷில் மண்ணின் உயரத்துக்குப் பதில் வண்ணத்தின் அளவு. வேறு வித்தியாசமே இல்லை.

ஒரு கட்டத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் மை சதவீதம் இப்படி இருக்கட்டும்: மேல் இடது 40, மேல் வலது 90, கீழ் இடது 60, கீழ் வலது 100. கட்டத்தின் நட்ட நடுவில் எவ்வளவு? நாலையும் கூட்டி நாலால் வகுங்கள்: 72.5. சரி, உயரத்தில் பாதியும், இடது ஓரத்திலிருந்து கால் பங்கும் தள்ளி உள்ள புள்ளியில் எவ்வளவு? இடது ஓரத்தின் நடு 50. வலது ஓரத்தின் நடு 95. வித்தியாசம் 45. அதில் கால் பங்கு 11.25. ஆக 61.25. இதே கணக்கைச் சயான், மெஜந்தா, கறுப்பு மூன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பி.டி.எஃப். ஃபைலில் கூன்ஸ் பேட்ச்சின் வண்ணம் இந்த முறையில்தான் கணக்கிடப்படுகிறது. கட்டத்தின் நாலு பக்கமும் வளைகோடு என்பதால் ஒரு கட்டத்துக்கு 12 கட்டுப்பாட்டுப் புள்ளிகள்: நாலு மூலை, எட்டுக் கைப்பிடி. வண்ணம் மட்டும் நாலு மூலைக்குத்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது. மனப்பாடம் செய்யச் சொல்லும் ஒரே இடம் இதுதான்: கோடுகள் நெருங்கினால் வண்ணம் சட்டென்று மாறும், கோடுகள் விலகினால் வண்ணம் மெதுவாக மாறும். கான்டூர் மேப்பில் கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி என்று படித்தோமே, அதுபோலத்தான். பூவன் பழத்தின் முனைப்பு வரம்பு கூர்மையாகத் தெரிய வேண்டுமா? அங்கே இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வயிற்றுப் பகுதி மெத்தென்று தெரிய வேண்டுமா? கோட்டைக் குறையுங்கள்.

செய்முறை: ஒரு பூவன் பழம்

கோரல் டிராவில் செய்வோம். நம் பக்கத்துக் கடைகளில் அதுதான் அதிகம் புழங்குகிறது.

படி 1: பழத்தின் வடிவத்தை முதலில் வரையாதீர்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வளைந்த வடிவத்தை வரைந்துவிட்டு அதன் மேல் வலை போட்டால், வலை தாறுமாறாக விழும். ஒரு நீள்சதுரம் வரையுங்கள், பழத்தை நிமிர்த்தி நட்டுவைத்த மாதிரி. அடிப்படை மஞ்சள் நிரப்புங்கள். நான் வைத்துக்கொள்ளும் அளவு: சயான் 0, மெஜந்தா 10, மஞ்சள் 90, கறுப்பு 0. அவுட்லைனை எடுத்துவிடுங்கள்.

படி 2: மெஷ் ஃபில் டூலை எடுங்கள். மேலே உள்ள பட்டையில் கட்ட எண்ணிக்கை கேட்கும். குறுக்கே 4, நீளவாக்கில் 5 கொடுங்கள். இப்போது நிற்கும் கோடு 5, படுக்கும் கோடு 6, ஆக மொத்தம் 30 கணுக்கள்.

படி 3: வண்ணத்தை வளைக்கும் முன்பே கொடுங்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் நிற்கும் கோடு முழுவதையும் தேர்ந்தெடுத்து, அடிப்படை மஞ்சளைவிடச் சற்று மங்கலாக வையுங்கள். இரண்டாவது கோடு வெளிச்சக் கோடு, மஞ்சள் 40 மட்டும். மூன்றாவது அடிப்படை மஞ்சள். நான்காவது நிழல்: சயான் 10, மெஜந்தா 40, மஞ்சள் 100, கறுப்பு 5. ஐந்தாவது கோட்டை நிழலைவிடக் கொஞ்சம் வெளிறவையுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. இந்த ஐந்தாவது கோடுதான் பழத்தை உருண்டையாகக் காட்டும். இதை விட்டுவிட்டால் பழம் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும்.

படி 4: இப்போது காம்புப் பக்கம் முதல் படுக்கைக் கோட்டுக்குப் பச்சை: சயான் 40, மெஜந்தா 10, மஞ்சள் 90. நுனியில் ஆறாவது கோட்டுக்குக் கருப்பழுப்பு: சயான் 50, மெஜந்தா 70, மஞ்சள் 80, கறுப்பு 60. ஐந்தாவது படுக்கைக் கோட்டை ஆறாவதுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். ஏன்? பழத்தின் நுனியில் கறுப்பு சட்டென்று முடிகிறது. கோடு தள்ளி இருந்தால் பழம் பாதி அழுகியதுபோல ஆகிவிடும், கடைக்காரர் அடிக்க வருவார். வண்ணம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்றால் கணுவைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் சாவியை அழுத்திக்கொண்டு தட்டிலுள்ள வண்ணத்தைச் சொடுக்குங்கள். இருக்கிற வண்ணத்தோடு சிறிதளவு கலக்கும். பெயின்டர் அண்ணன் பிரஷ் நுனியில் தொட்டுக் கலப்பதுபோல.

படி 5: இனிமேல் வளையுங்கள். படுக்கைக் கோடு ஒவ்வொன்றாகக் கணுக்களை மொத்தமாகப் பிடித்து நகர்த்துங்கள். நடுவில் உள்ளவற்றை வலப்பக்கம் தள்ளி, இரு நுனியையும் ஒடுக்குங்கள். பிறகு கைப்பிடிகளைச் சரிசெய்யுங்கள். வெளிச்சக் கோடு தானாகவே பழத்தோடு சேர்ந்து வளைந்து வருவதைப் பார்ப்பீர்கள். லீனியரில் செய்ய முடியாதது இதுதான். ஒரு எச்சரிக்கை: ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் கட்டம் மடிந்து, அந்த இடத்தில் அசிங்கமாக ஒரு மடிப்பு தெரியும்.

படி 6: ஒரு பழம் வந்துவிட்டதா? அதைப் பத்தாகப் பெருக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, நாலு கணுவின் வண்ணத்தை மாற்றினால் சீப்பு தயார்.

ஓட்டை உள்ள வடிவம், பல துண்டு சேர்ந்த வடிவம் ஆகியவற்றுக்கு மெஷ் ஒத்துவராது. வெறும் நீள்சதுரத்துக்கு மெஷ் போட்டுவிட்டு, அதை 'பவர்கிளிப்' மூலம் வடிவத்துக்குள் செருகிவிடுங்கள்.

மற்ற மென்பொருள்களில்

இல்லஸ்ட்ரேட்டரில் மெஷ் டூலால் எங்கே சொடுக்குகிறீர்களோ அங்கே குறுக்கும் நெடுக்கும் ஒரு கோடு விழும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் வண்ணம் மாறாமல் கணு மட்டும் சேரும். ஆல்ட் அழுத்திச் சொடுக்கினால் கணு அழியும். ஷிஃப்ட் அழுத்தி இழுத்தால் கணு அதன் கோட்டின் மேலேயே நகரும். மெஷ் ஆக்கிய பொருளைப் பழையபடி சாதாரண வடிவமாக மாற்றுவது லேசில்லை. ஆகவே முதலில் ஒரு நகல் எடுத்து ஓரமாக வைப்பது புத்திசாலித்தனம். 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து 'ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட்' என்று ஒன்றும் இருக்கிறது. வலையே இல்லாமல் புள்ளி வைத்தால் போதும். எளிது, ஆனால் வளைவின் மேல் மெஷ் தரும் பிடி அதில் கிடைக்காது.

இங்க்ஸ்கேப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காசு கொடுத்து மென்பொருள் வாங்க நம்மில் பலருக்கு வழியில்லை. அதனால் யாரோ கொடுத்த திருட்டுக் காப்பியைப் போட்டு, கூடவே வைரஸையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். இங்க்ஸ்கேப் இலவசம், சட்டப்படியே இலவசம். மெஷ் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதன் எஸ்.வி.ஜி. ஃபைலில் உள்ள மெஷ்ஷை மற்ற மென்பொருள்களும் பிரவுசர்களும் சரியாகக் காட்டும் என்று நம்பக் கூடாது. வேலை முடிந்ததும் பி.என்.ஜி. ஆக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும்போது

திரையில் அழகாக இருந்த படம் போர்டில் பட்டை பட்டையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். மெஷின் மேல் பழி போடும் முன் கணக்குப் போடுவோம். சாதாரண 8 பிட் ஃபைலில் ஒரு மையின் அளவு 256 படிகளில்தான் சொல்லப்படும். 8 அடி அகல வானத்தில் நீல நிறம் வெறும் 10 சதவீதம் மட்டும் மாறுகிறது என்றால், கிடைப்பது ஏறக்குறைய 26 படிகள். 96 அங்குலத்தை 26 ஆல் வகுத்தால் ஒரு படி மூன்றரை அங்குலத்துக்கும் மேலே. கண்ணுக்குத் தெரியாமல் எங்கே போகும்? அந்தப் பட்டைகள் வேறொன்றுமில்லை, வண்ணத்தின் கான்டூர் கோடுகள்! வைத்தியம் இரண்டு: வண்ண வித்தியாசத்தைக் கூட்டுவது, அல்லது படத்தைப் பிட்மேப் ஆக்கிப் பொடி மணல் தூவியதுபோல லேசாக 'நாய்ஸ்' சேர்ப்பது. பட்டையின் ஓரம் உடைந்து கண் ஏமாந்துவிடும்.

இரண்டாவது, கலங்கல். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நேராகக் கட்டம் கட்டினால் நடுவில் பாதிச் சயான், பாதி மெஜந்தா, பாதி மஞ்சள் வந்து நிற்கும். மூன்றும் சேர்ந்தால் சேற்று நிறம். நடுவில் ஒரு கோடு சேர்த்து, அதற்கு நீங்களே ஒரு சுத்தமான பச்சையைக் கொடுங்கள். வண்ணம் போகும் வழியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணிப்பொறி குறுக்கு வழியில் போகும். எல்லாக் கணுக்களும் சி.எம்.ஒய்.கே. அளவில்தான் இருக்க வேண்டும் என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மெஷ் அதிகம் உள்ள ஃபைலைச் சில பழைய அச்சு மென்பொருள்கள் சரியாகப் படிக்காது. ஆகவே மூல ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அச்சுக்கு ஒரு டிஃப் நகல் கொடுங்கள். ஆஃப்செட் நோட்டீஸ் என்றால் உண்மை அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி. தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய போர்டுக்கு 72 முதல் 100 வரை போதும். "பிட்மேப் ஆக்கத்தானே போகிறோம், பிறகு எதற்கு வெக்டர்?" என்று கேட்கலாம். எந்த அளவுக்கு வேண்டுமோ அந்த அளவில் புதிதாகச் சுட்டுக்கொள்ளலாம் என்பதுதான் லாபம். மாவு வீட்டில் இருந்தால் தோசை எத்தனை பெரிதாகவும் ஊற்றலாம்.

கையும் கணிப்பொறியும்

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898 – 1976) வரைந்த சாமி படங்களைச் சிவகாசி காலண்டர்களில் நம் தாத்தா பாட்டி வீடுகளில் பார்த்திருப்போம். லட்சுமியின் கன்னத்தில் சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அப்படி ஒரு இழைப்பு. அது மெஷ் இல்லாத காலம். கண்ணும் பிரஷ்ஷும்தான் அவர்களுக்கு வலை. நாம் கணுவுக்கு எண் கொடுக்கிறோம். அவர்கள் எண் இல்லாமலே அதைச் செய்தார்கள். ஆகவே நல்ல மெஷ் போட வேண்டும் என்றால் முதலில் பார்க்கப் பழக வேண்டும். சந்தையில் ஒரு பழத்தைக் கையில் எடுத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழலுக்குள் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். பத்து டியூட்டோரியல் வீடியோவுக்குச் சமம்.

"இப்பத்தான் ஏ.ஐ. இருக்கே, ஒரு வரி அடிச்சா பழம் வந்துடுமே" என்று ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். வரும். ஆனால் வாடிக்கையாளர் வந்து நின்று, "தம்பி, இது மொந்தன் மாதிரி இருக்கு. நம்ம படுகையில விளையுறது பூவன். காம்பு இன்னும் பச்சையா, உடம்பு கொஞ்சம் சின்னதா வேணும்" என்றால், வரி அடித்துக்கொண்டே இருப்பவர் அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டும். மெஷ் தெரிந்தவர் ஆறு கணுவைப் பிடித்து அவர் கண் முன்னாலேயே மாற்றிக் காட்டிவிடுவார். பழம் தெரிந்தவருக்குப் பழம் தெரிந்தவர் மேல் மரியாதை வரும். கடையில் நம் சம்பளத்தையும், அதைவிட முக்கியமாக நம்மை யாரும் சுலபத்தில் மாற்றிவிட முடியாத நிலையையும் தருவது அந்த மரியாதைதான்.

கடைசியாக மூன்று பயிற்சிகள். ஒன்று: மேலே சொன்ன பூவன் பழம். இரண்டு: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் அடிப்பாகம், ரேடியல் கிரேடியன்ட்டிலும் மெஷ்ஷிலும் தனித்தனியாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று: ஒரு வெற்றிலை; நடு நரம்பின் இருபுறமும் இரண்டு கோட்டை நெருக்கி வைத்து நரம்பை எழுப்புங்கள். மூன்றையும் முப்பது முப்பது கணுக்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கணு கூடக் கூடப் படம் நன்றாக வரும் என்று நினைக்காதீர்கள். குறைந்த கணுவில் நிறைய சொல்பவர்தான் கைகாரர்.

முடித்தவர்கள் ஃபைலைக் கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் லேபில் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். என்னைவிட நன்றாகப் போட்டவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு